வாசகர் கேள்வி: எண்ணூர்ப் படத்துக்கு வெளிநாட்டு டிவி காசு கொடுக்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆவணப்படம் எடுக்கிறவர்களுடையவை. எல்லாம் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருந்து வந்தவை, எல்லாம் பணத்தைப் பற்றியவை. அதனால் இந்த இதழில் வேறு கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, நான் முகத்துவாரக்குப்பத்துப் பையன். கழிமுகத்தில் மீன் பிடிக்கிறவர்களை, சாம்பல் படிந்த தண்ணீரை, 2023 எண்ணெய்க் கசிவை எல்லாம் சொந்தக் கேமராவில் எடுத்து வைத்திருக்கிறேன். கையிருப்பு தீர்ந்துவிட்டது. அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சி வெளிநாட்டு இயக்குநர்களுக்கு நிதி கொடுக்கிறதாமே, எனக்குக் கிடைக்குமா?
- வாசகர், எண்ணூர்

முயற்சி செய்யலாம் தம்பி. ஆனால் அதை உதவித்தொகை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் உங்களிடமிருந்து ஒன்றை வாங்குகிறார்கள், நீங்கள் விற்கிறீர்கள். இது புரிந்துவிட்டால் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது, ஒப்பந்தத்தில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

அங்கே ஐடிவிஎஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1988ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால் உருவானது. பெரிய கம்பெனிகளைச் சாராத இயக்குநர்கள் பொதுத் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்கப் பணம் கொடுப்பதுதான் அதன் வேலை. அமெரிக்கர் அல்லாத இயக்குநர்களுக்கென்று தனி அழைப்பும் விட்டிருக்கிறார்கள். படத்தை முடிக்கப் பணம் தருவார்கள், அதற்கு ஈடாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். காப்புரிமை உங்களிடமே இருக்கும். அப்படி எடுத்த படங்கள் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி வலையமைப்பு வழியாக இன்டிபென்டென்ட் லென்ஸ், பிஓவி மாதிரி நிகழ்ச்சிகளில் நாடு முழுக்கப் போகும். வடக்கே பெண்கள் நடத்தும் கபர் லகரியா என்ற செய்தி நிறுவனத்தைப் பற்றி நம் நாட்டு இயக்குநர்கள் இருவர் எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' படம், ஆஸ்கர் பரிந்துரை பெற்ற 2022லேயே இன்டிபென்டென்ட் லென்ஸில் ஒளிபரப்பானது.

அவர்கள் கேட்பது என்னவென்றால், ஏற்கனவே ஒரு படமாவது எடுத்த அனுபவம் இருக்க வேண்டும், கல்லூரி ப்ராஜெக்ட்டாக இருக்கக் கூடாது, தொடர் இல்லாமல் தனிப் படமாக இருக்க வேண்டும், படப்பிடிப்பு தொடங்கியிருக்க வேண்டும், எடிட்டிங்கில் கடைசி முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். நீங்கள் எடுத்து வைத்திருப்பதில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒழுங்காக வெட்டினாலே பாதி விண்ணப்பம் முடிந்த மாதிரி.

இப்போது கஷ்டமான செய்தி. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை ரத்து செய்துவிட்டது. 1967ல் போட்ட சட்டத்தால் வந்து, அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவந்த சிபிபி என்ற நிறுவனம் அடுத்த மாதமே கடையை மூடுவதாக அறிவித்தது. ஐடிவிஎஸ் பெரும்பாலும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தது. அதனால் அந்த ஒரு கதவு முன்னால் மட்டும் நின்றுகொண்டிருக்காதீர்கள், அழைப்பு வந்தால் போடுங்கள், வரும்வரை மற்ற இடங்களைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் இட்ஃபா என்ற ஆவணப்பட விழா நடத்துகிறவர்கள் 1998லிருந்து ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா இயக்குநர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள், முதலில் யான் வ்ரைமன் ஃபண்ட் என்று பெயர், இப்போது இட்ஃபா பெர்தா ஃபண்ட். தென்கொரியாவில் பூசான் திரைப்பட விழா ஆசிய ஆவணப்படங்களுக்கென்றே தனி நிதி வைத்திருக்கிறது. அமெரிக்காவிலேயே சன்டான்ஸ் நிதியும் இருக்கிறது. இவையெல்லாம் உண்மையிலேயே நல்கைதான், பொதுவாக ஒளிபரப்பு உரிமை கேட்க மாட்டார்கள். பிபிசியின் ஸ்டோரிவில், பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஆர்டே, ஜப்பானின் என்எச்கே எல்லாம் டிவிக்காரர்கள், அவர்கள் உரிமையை வாங்குகிறவர்கள். இவர்கள் பெரும்பாலும் வேறு யாராவது முதலில் கை வைத்த படத்தில்தான் அடுத்து கை வைப்பார்கள். அதனால் சிறிய நல்கை ஒன்று முதலில், டிவி அப்புறம், இதுதான் நடைமுறையில் ஓடுகிற வரிசை. நல்கையை வாங்குவதில் இருக்கிற சட்டச் சிக்கலை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

விண்ணப்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த ஒரு பக்கச் சுருக்கத்தில் அனல்மின் நிலையம், சாம்பல், துறைமுகம், கொசஸ்தலை ஆறு எல்லாம் இருக்கிறது, ஒரு மனுஷர்கூட இல்லை. ஓஹியோவில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் டிவி முன்னால் உட்காருகிறவருக்கு எண்ணூர் எங்கே இருக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் ஒரு ஆளைப் பின்தொடர்ந்து வருவார், அந்த ஆள் போகிற இடமெல்லாம் வருவார். 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது, எர்ணாவூர்ப் பக்கம் பாறை இடுக்கில் நின்று வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தபோது மறுபடி அதே வாளி வேலை, இந்த முறை படகில் நின்றுகொண்டு. இரண்டு தடவையும் அள்ளிய ஒருவர் உங்கள் குப்பத்தில் கட்டாயம் இருப்பார். அவர் வலை என்ன ஆயிற்று, படகில் படிந்த தாரை எதைப் போட்டுத் தேய்த்தார், நஷ்டஈடு வாங்க எங்கெல்லாம் அலைந்தார், அவர் மகன் கடலுக்குப் போகிறானா இல்லை ஏதாவது கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறானா, இதை முதல் பத்தியில் எழுதுங்கள். சாம்பலும் துறைமுகமும் அவர் வாழ்க்கைக்குள்ளேயே வந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டுப் பணத்தை என் சேமிப்புக் கணக்கில் நேராக வாங்கலாமா? நண்பர்கள் எஃப்சிஆர்ஏ கேஸ் வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
- வாசகர், வியாசர்பாடி

பயப்படத் தேவையில்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. எஃப்சிஆர்ஏ என்கிற 2010ஆம் வருட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பண்பாடு, கல்வி, சமூகம் என்று ஒரு குறிப்பிட்ட பணிக்காக வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்குகிறவர் உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஒரு பணத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். பதிவு வேண்டுமென்றால் அமைப்பு குறைந்தது 3 வருடம் இயங்கி, அந்த 3 வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது தன் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். தனியாளாகப் படம் எடுக்கிற ஒருவரால் இதெல்லாம் சுலபத்தில் முடியாது.

ஆனால் அதே சட்டம், வழக்கமான தொழிலின் பகுதியாக ஒருவர் கொடுத்த பொருளுக்கோ செய்த வேலைக்கோ வருகிற கட்டணத்தை வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் சேர்க்கவில்லை. டிவி நிறுவனம் உங்கள் படத்தின் ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கொடுக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, நீங்கள் இன்வாய்ஸ் போடுகிறீர்கள், படம் எடுப்பது உங்கள் தொழில் என்பதற்கு வருமான வரிக் கணக்கு இருக்கிறது என்றால் அது வியாபார வரவு. இங்கேதான் நன்கொடையா விற்பனையா என்ற கேள்வி உங்கள் கழுத்தைப் பிடிக்கும். ஒப்பந்தத்தில் எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாட்டுக்கு, எவ்வளவு தொகை, எத்தனை தவணை என்று தெளிவாக இருக்கட்டும். இரண்டு பத்தி வாழ்த்துக் கடிதத்தோடு 'உங்கள் நற்பணிக்கு ஆதரவாக' என்று ஒரு தொகை வந்தால் அதை வியாபாரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, செய்தி, நடப்பு விவகார நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனங்களும் பத்திரிகை நிருபர்களும் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் ஏதாவது பத்திரிகையில் நிருபராகவும் இருந்தால் நல்கைப் பக்கமே போகாதீர்கள்.

சேமிப்புக் கணக்கு வேண்டாம், கரண்ட் அக்கவுண்ட் திறந்துவிடுங்கள். பேங்கில் பர்ப்பஸ் கோட், அதாவது பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும் குறியீடு கேட்பார்கள், ஒப்பந்த நகலைக் கொடுங்கள். அமெரிக்காவிலிருந்து உரிமைத்தொகை வந்தால் 30 சதவீதம் அங்கேயே வரியாகப் பிடித்துவிடுவார்கள், டபிள்யூ-8பென் என்ற படிவத்தை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்தால் இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அது 15 ஆகக் குறையும். நம்மில் பாதிப் பேர் இதைக் கேள்விப்படாமலேயே காசை விட்டிருக்கிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள், ஏற்றுமதிச் சேவை பார்த்த ஆடிட்டராக இருந்தால் ஜிஎஸ்டி விஷயத்தையும் அவரே சொல்லிவிடுவார்.

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மாவையும் அவரோடு விற்கும் பெண்களையும் வைத்து 80 நிமிடப் படம் எடுத்திருக்கிறேன். ஐரோப்பிய இணைத் தயாரிப்பாளர் ஒருவர், 52 நிமிடமாகக் குறைக்க வேண்டும், ஆங்கிலத்தில் விளக்கக் குரல் வைக்க வேண்டும் என்கிறார். ஒத்துக்கொள்வதா?
- வாசகி, காசிமேடு

முதல் விஷயத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, இரண்டாவதுக்குச் சண்டை போடுங்கள்.

52 நிமிடம் என்பது அவர் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. ஒரு மணி நேர இடத்தில் விளம்பரம், அறிவிப்பு போக மிஞ்சுவது அவ்வளவுதான், உலகம் முழுக்க டிவிக்காரர்கள் அந்த அளவில்தான் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் பிபிஎஸ் விளம்பரம் போடாததால் அங்கே கிட்டத்தட்ட 56 நிமிடம் வரும். ஆனால் ஒப்பந்தத்தில் '52 நிமிடத் தொலைக்காட்சி வடிவம்' என்று தனியாகவும், 'இயக்குநரின் முழு வடிவம்' என்று தனியாகவும் எழுதி வாங்குங்கள். விழாக்களுக்கும் நம்மூர்த் திரையிடலுக்கும் போவது உங்களுடைய 80 நிமிடம்தான். இரண்டு வடிவத்துக்குமான எடிட்டிங் செலவு பட்ஜெட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது உங்கள் தலையில் விழும்.

விளக்கக் குரல் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உங்கள் படத்திலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய காட்சியைப் பார்த்தேன். விடியாத நேரத்தில் ஏலக்காரர் விலை ஏற்றிக்கொண்டே போகிறார், மூன்று பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள், ஒருத்தி கை தூக்குகிறாள், கூடை அவர்களுக்கு. உடனே ஓரமாக நகர்த்திக் கீழே கொட்டிக் கூறு போடுகிறார்கள், பெரிய மீன் ஒன்றை இந்தக் கூறிலிருந்து எடுத்து அந்தக் கூறில் வைத்து, திருப்தி இல்லாமல் மறுபடி மாற்றி, அப்புறம் உங்கள் அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துத் தன் பங்கை எண்ணிக் கொடுக்கிறார். தனியாக ஒரு கூடை எடுக்க முடியாதவர்கள் சேர்ந்து எடுக்கிறார்கள் என்று எந்த ஊர்க்காரருக்கும் இது புரியும். இதன்மேல் லண்டன் ஆங்கிலத்தில் ஒருவர் 'சென்னையின் ஏழைப் பெண்கள்' என்று ஆரம்பித்தால் அந்தக் கண் பேச்சு செத்துவிடும். நல்ல சப்டைட்டிலுக்குக் காசு ஒதுக்குங்கள், காசிமேட்டுப் பேச்சு தெரிந்தவரையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தயாரிப்பாளருக்கு ஊர் விவரம் போதவில்லை என்றால் ஆரம்பத்தில் இரண்டு வரி எழுத்து போடலாம் என்று விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதி தொழிற்சாலை ஒன்றைப் பற்றிய படம். அதற்கு எதிராக வழக்கு நடத்தும் அமைப்பே செலவுக்குப் பணம் தருவதாகச் சொல்கிறது. வாங்கினால் பிறகு டிவியில் விற்க முடியுமா?
- வாசகர், மணலி

பொதுத் தொலைக்காட்சியில் விற்பது ரொம்பக் கஷ்டமாகிவிடும். பணம் கொடுத்தவருக்குப் படத்தின் உள்ளடக்கத்தில் கை இருக்கிறதா, பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுமா, விளம்பரமாகத் தெரிகிறதா என்று மூன்று கோணத்திலும் பிபிஎஸ் ஒவ்வொரு படத்தின் பணத்தையும் பரிசோதிக்கும். அவர்கள் தலையிடவே இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் தோற்றத்தில் அடிபட்டுவிடும். நியாயமான வழக்காகவே இருக்கட்டும், அந்த அமைப்பை நான் மதிக்கிறேன், ஆனால் நாளைக்குத் தொழிற்சாலைக்காரர் 'எதிரி காசில் எடுத்த படம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். அவர்களிடம் ஆவணங்களை வாங்குங்கள், பேட்டி எடுங்கள். பணம் வேண்டாம்.

கேள்வி: கானா பாடகர் ஒருவரைப் பற்றிய படம் முடிகிற நிலையில் இருக்கிறது. தெருவில் எடுத்ததால் பின்னணியில் சினிமாப் பாட்டு நிறைய ஓடுகிறது. வெளிநாட்டு டிவிக்கு இது பிரச்சனையா?
- வாசகர், புளியந்தோப்பு

பெரிய பிரச்சனை. டீக்கடை ஸ்பீக்கரில் ஓடும் பாட்டுக்கும் ஆடியோ கம்பெனியிடம் ஒலிப்பதிவு உரிமை, இசை, வரிகளுக்கு வேறு உரிமை என்று வாங்கச் சொல்வார்கள். ஒளிபரப்புக்கு முன்னால் ஈ அண்ட் ஓ என்ற இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டியிருக்கும், யாராவது வழக்குப் போட்டால் தாங்குவதற்கு. உரிமைப் பட்டியலில் ஓட்டை இருந்தால் அது கிடைக்காது. பாட்டுச் சத்தம் குறைவான டேக் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், தெருவின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து வையுங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் பாடகர். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர் சொந்தமாகக் கட்டிய பாட்டு அவருடைய சொத்து. அவரிடம் எழுத்தில் வாங்குங்கள், அதற்கான தொகையை பட்ஜெட்டில் காட்டி அவருக்கு நிஜமாகவே கொடுங்கள். சினிமா கம்பெனிக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, கானாக்காரருக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்புகிற பழக்கம் நம்மோடு ஒழியட்டும்.

கேள்வி: நம்மூர் டிவி ஏன் காசு கொடுப்பதில்லை? எதற்கு ஆம்ஸ்டர்டாம் வரை போக வேண்டும்?
- வாசகர், பெரம்பூர்

நியாயமான கோபம், எனக்கும் இருக்கிறது. 1948ல் மத்திய அரசு ஆரம்பித்த ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களைத் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அது 2022ல் என்எஃப்டிசி என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. 2000ல் தொடங்கிய பிஎஸ்பிடி அறக்கட்டளை தூர்தர்ஷனோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான சுயாதீன ஆவணப்படங்களுக்குப் பணம் கொடுத்தது, சின்ன பட்ஜெட்தான், ஆனால் முதல் படம் எடுக்கிறவரை நம்பிக் கொடுத்தது. பிரிட்டனில் டிவி வைத்திருக்கிற வீடு கட்டுகிற லைசென்ஸ் கட்டணத்தில்தான் பிபிசி ஆவணப்படம் வாங்குகிறது. நாமும் ஒரு காலத்தில் போஸ்ட் ஆபீஸில் ரேடியோ லைசென்ஸ் கட்டியவர்கள்தான். தமிழ்த் தனியார் சேனல்கள் சுயாதீன ஆவணப்படத்துக்கு வாராவாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், 1918ல் உங்கள் பெரம்பூரில் பிறந்த மெட்ராஸ் தொழிற்சங்கத்தைப் பற்றியும் பின்னி மில் மூடினபின் அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின என்பதைப் பற்றியும் படம் எடுக்க ஆள் இல்லாமலா போகும்? அந்த ஒரு மணி நேரத்தை நாம்தான் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருப்போம்.

கேள்வி: பணம் கொடுக்கிறவர்கள் முன்னால் படத்தை விளக்கும் பிட்ச்சிங் மேடையில் ஏழு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டுமாமே? எனக்குத் தமிழ்தான் வரும்.
- வாசகர், தண்டையார்பேட்டை

தமிழில் பேசுங்கள், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான், கொரியா இயக்குநர்கள் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். ட்ரெய்லர்தான் அங்கே பேசும். ஆம்ஸ்டர்டாம் போகிற டிக்கெட்டுக்கு முன்னால் கொல்கத்தாவில் 2004லிருந்து நடக்கும் டாக்எட்ஜ் என்ற ஆவணப்படப் பிட்ச்சிங், கோவாவில் நவம்பரில் நடக்கும் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தை இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள், வெளிநாட்டு டிவிக்காரர்கள் அங்கேயே வருகிறார்கள். ட்ரெயினில் போய்விட்டு வரலாம்.

கேள்வி: படத்தில் வருகிறவர்கள் 'உனக்கு டாலரில் வருது, எங்களுக்கு என்ன?' என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
- வாசகி, திருவொற்றியூர்

உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு வந்தது, எதற்குப் போகிறது என்று உட்காரவைத்துக் காட்டுங்கள். பேட்டிக்குக் காசு கொடுத்தால் பல டிவி நிறுவனங்கள் கேள்வி கேட்கும், காசுக்காகச் சொன்னார்களோ என்று. ஆனால் கடலுக்குப் போகாமல் உங்களுக்காக நின்ற நாளின் கூலி, படகு வாடகை, டீசல், சாப்பாடு, அவர்கள் போனில் எடுத்த வீடியோவைப் படத்தில் போட்டால் அதற்கான உரிமைத்தொகை, இதெல்லாம் செலவுக் கணக்கில் நேராகவே எழுதலாம். தாராளமாக எழுதுங்கள். சம்மதக் கடிதம் தமிழில் இருக்கட்டும், வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

முடிந்த படத்தை டிவிக்கு அனுப்பும் முன்னால் அவர்களுக்குக் காட்டிவிடுங்கள். மேலே சொன்ன 'ரைட்டிங் வித் ஃபயர்' உலகமெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் படம் எங்களைக் காட்டியிருக்கிற விதம் சரியில்லை, நாங்கள் ஏதோ ஒரு கட்சியைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர்கள் மாதிரி தெரிகிறது என்று 2022 மார்ச்சில் கபர் லகரியாவே அறிக்கை விட்டது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். உங்கள் தெருக்காரர்கள் தங்களைப் பற்றிய படத்தை டிவியில்தான் முதல் முதலாகப் பார்க்கிறார்கள் என்ற நிலை வரக் கூடாது.

அப்புறம் ஒப்பந்தத்தில் ஒரு வரியை நீங்களே கேட்டு வாங்குங்கள். இந்தியாவுக்குள் எந்த மொழியிலும் டிக்கெட் இல்லாத திரையிடல், பள்ளி, சங்கம், கோயில் திடல், குப்பத்து மணல் எதுவானாலும், இயக்குநருக்குத் தனி அனுமதி தேவையில்லை என்ற வரி. கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், அந்த உரிமையால் அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பின்னால் கேட்டால் ஒவ்வொரு திரையிடலுக்கும் மெயில் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.